தறிச் சத்தத்தின் நடுவே நாற்பத்தெட்டு எண்கள்

"அண்ணா, நீலக் கலர்ல ஒரு ஸ்க்ரீன் வந்து நிக்குது. ஏதோ நம்பர் கேக்குது. எதைத் தட்டினாலும் நகர மாட்டேங்குது."

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் வேலை இப்படித் தொடங்கியது. பேசியவர் வாரியங்காவலில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கிற பெண். நான் அதே நிறுவனத்தின் ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கிறேன். ஜெயங்கொண்டத்தில், என் வீட்டு மாடி அறையில். எங்கள் இருவருக்கும் இடையே பைக்கில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அவர் திரையை நான் பார்க்க வேண்டுமென்றால், அவர் லேப்டாப்பும் என் லேப்டாப்பும் மும்பையில் இருக்கும் ஒரு சர்வரில் போய்ச் சந்தித்துக்கொண்டுதான் திரும்பி வர வேண்டும்.

அன்றைக்கு அதற்கும் வழியில்லை. இரவில் ஏதோ அப்டேட் ஓடியிருக்கிறது. காலையில் லேப்டாப்பைத் திறந்தால், உள்ளே இருக்கும் பிட்லாக்கர் பூட்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இது நான் காவல் காத்த அதே மெஷின்தானா, யாராவது டிஸ்க்கைக் கழற்றி வேறு எதிலாவது மாட்டிவிட்டார்களா என்கிற சந்தேகம். அது வந்துவிட்டால் விண்டோஸ் மேலே போகாது, மீட்புச் சாவி கேட்கும். நாற்பத்தெட்டு இலக்கம். ஆறு ஆறாக எட்டுக் கட்டம். அந்தச் சாவி சென்னை அலுவலகத்துக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது, என்னால் எடுக்க முடியும். ஆனால் அவர் மெஷினில் நெட் இல்லை, விண்டோஸே இல்லை. போனில் படித்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் போனை வைக்கச் சொன்னேன். அலுவலகப் பதிவில் இருக்கும் அவருடைய எண்ணுக்கு நானே திரும்ப அழைத்தேன். நாலு வருஷமாகக் கேட்ட குரல்தான். இருந்தாலும் சாவியைக் கொடுக்கும்போது குரலை நம்பக் கூடாது, பதிவை நம்ப வேண்டும். திரையில் தெரியும் சாவிக் குறியீட்டின் முதல் எட்டு எழுத்துகளை அவர் படித்தார். என் பட்டியலில் ஒத்துப்போனது. படிக்க ஆரம்பித்தேன்.

போனுக்குப் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அப்பா பட்டு நெய்கிறவர். நாடா போய் வருகிற சத்தம், பலகை அடிக்கிற சத்தம், மறுபடி நாடா. ஆங்கிலத்தில் எண் சொன்னால் ஃபைவும் நைனும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். விமானிகள் ஒன்பதை 'நைனர்' என்று நீட்டிச் சொல்வதற்குக் காரணமே இந்தக் குழப்பம்தான். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. அஞ்சு அஞ்சுதான், ஒம்பது ஒம்பதுதான், எந்தச் சத்தத்திலும் ஒன்று மற்றொன்றாகக் காதில் விழாது. அதனால் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு நான் எப்போதும் தமிழில்தான் சாவி சொல்வேன். "மூணு, ஒம்பது, சுழியம்..." "சுழியம்னா ஜீரோதானண்ணா?" "ஆமாம்மா, ஜீரோ." அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல, தறியின் அடிக்கும் அடிக்கும் நடுவே நான் அடுத்ததைச் சொல்ல, அப்படியே போனது. அந்தச் சாவியைக் கட்டியவர்கள் நல்ல காரியம் ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிலக்கக் கட்டம் ஒவ்வொன்றும் பதினொன்றால் மீதியின்றி வகுபடும். ஓர் எண்ணைத் தவறாக அடித்தால் அந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும், நாற்பத்தெட்டையும் முதலிலிருந்து அடிக்க வேண்டியதில்லை. எங்களுக்கு நாலாவது கட்டத்தில் ஒரு முறை இடித்தது. திருத்தினோம். பன்னிரண்டு நிமிஷம்.

"வந்துடுச்சுண்ணா!" என்றபோது அவருக்கு எவ்வளவு நிம்மதியோ எனக்கும் அவ்வளவு நிம்மதி. அந்த லேப்டாப் போனால் அன்றைய கூலி போகும் என்று எனக்குத் தெரியும்.

*

தொலைவிலிருந்து கம்ப்யூட்டர் சரிபார்க்கும் வேலை என்றதும் பலரும் நினைப்பது, நான் இங்கே உட்கார்ந்து எந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் நுழைந்துவிடுவேன் என்று. உண்மை நேர்மாறானது. வெளியிலிருந்து என்னால் நுழையவே முடியாது. ஃபயர்வால், தமிழில் தீயரண் என்கிறார்கள், அதன் அடிப்படை விதி ஒன்றுதான்: உள்ளிருந்து யார் வெளியே பேசினாலும் அதற்கு வரும் பதிலை விடு, யாரும் கூப்பிடாமல் வாசலில் வந்து நிற்பவரை விடாதே. அலுவலகத்துப் பெரிய ஃபயர்வாலுக்கும் இதே விதி, வீட்டில் ஆணியில் தொங்கும் ரவுட்டருக்கும் இதே விதி.

சின்ன ஊர்களில் இன்னொரு சிக்கலும் சேரும். பழைய வகை இணைய முகவரிகள் உலகம் முழுக்க ஏறக்குறைய 430 கோடிதான். அது போதாது என்பதை 1990-களிலேயே உணர்ந்து, ஒரு முகவரியைப் பல கம்ப்யூட்டர்கள் பகிர்ந்துகொள்ளும் முறையை 1994-இல் முன்வைத்தார்கள். இன்று செல்போன் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரியின் பின்னால் வைத்திருக்கின்றன. செந்துறையில் ஒருவர் போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்த்தால், வெளியுலகுக்குத் தெரியும்படி அந்தப் பழைய வகையில் அவருக்கென்று தனி முகவரி பெரும்பாலும் இருக்காது. கதவு எண் இல்லாத வீட்டுக்குத் தபால்காரர் எப்படிப் போவார்?

அதனால் வழி ஒன்றே ஒன்று. அவரும் வெளியே வர வேண்டும், நானும் வெளியே வர வேண்டும். நடுவில் பொதுவான சர்வர் ஒன்றில் இருவரும் சந்திக்க வேண்டும். அவர் ஒரு சின்ன மென்பொருளைத் திறக்கிறார். அது 443 என்கிற வாசல் வழியாக, நாம் பேங்க் தளத்துக்குப் போகும் அதே வாசல் வழியாக, வெளியே கூப்பிடுகிறது. அவர் திரையில் ஒன்பது இலக்க எண் ஒன்று வருகிறது, எனக்குப் படித்துச் சொல்கிறார். நான் அதை அடிக்கிறேன். "அனுமதிக்கலாமா" என்று அவரிடம் கேட்கிறது. அவர் ஆமாம் சொன்ன பிறகுதான் அவர் திரை எனக்குத் தெரியும். ஃபயர்வாலை யாரும் உடைக்கவில்லை, துளை போடவில்லை. உள்ளே இருப்பவர் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

ஒருவர் திரையை இன்னொருவர் பார்க்கும் நுட்பம் புதிதல்ல. கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆய்வகத்தார் எழுதிய விஎன்சி 1990-களின் கடைசியில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது. இந்த ஒன்பது எண் முறையைப் பரவலாக்கிய டீம்வியூவர் ஜெர்மனியின் கோப்பிங்கனில் 2005-இல் பிறந்தது. இன்று பல நாடுகளில் ஹெல்ப்டெஸ்க்காரர்கள் பயன்படுத்தும் ஜோஹோ அசிஸ்ட், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை கிராமத்தில் அலுவலகம் வைத்திருக்கிற நிறுவனத்துடையது. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

*

எங்கள் பகுதிக்கு இந்த வேலை வந்த கதையையும் சொல்ல வேண்டும். ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் தயாரிக்கப் போகிறோம் என்று 1990-களில் நிலம் எடுத்தார்கள். அனல் மின் நிலையம் வரவில்லை. வேலைக்காகக் காத்திருந்த ஒரு தலைமுறைக்கு அப்படியே வயது ஏறியது. முந்திரிக் காடு, தறி, அரியலூர் சிமென்ட் ஆலைகள், அதை விட்டால் சென்னை, திருப்பூர், வெளிநாடு. ஜெயங்கொண்டத்தில் ஒரு காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டியதே 2024 நவம்பரில்தான்.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் 24-ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் தடை உத்தரவு வந்தது, நள்ளிரவு முதல் நாடெங்கும் ஊரடங்கு. அதற்கு முந்திய சில நாள்களில் சென்னை நிறுவனங்கள் பலவும் லேப்டாப் இல்லாதவர்களுக்கு மேசைக் கம்ப்யூட்டரையே தூக்கிக் கொடுத்தனுப்பின. மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆம்னி வேனில் ஊர் வந்து சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். அதுவரைக்கும் கால் சென்டர், பிபிஓ வேலையை வீட்டிலிருந்து பார்க்க வைப்பது நிறுவனங்களுக்கு லேசான காரியமில்லை. தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் அப்படி: வைப்புத்தொகை, அனுமதி பெற்ற தனி இணைப்பு என்று அடுக்கடுக்காக. 2020 மார்ச் 13-இல் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள், நவம்பர் 5-இல் எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று விதியையே மாற்றினார்கள். வாரியங்காவலில் தறிக்குப் பக்கத்தில் ஒரு பெண் மாதச் சம்பளம் வாங்குவதற்குப் பின்னால் அந்த உத்தரவு இருக்கிறது. அதை நான் மறப்பதில்லை.

அந்த முதல் மாதங்களில் எல்லோருக்கும் அவசரம். அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் விபிஎன் ஏறவில்லை, பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது, பாஸ்வேர்டை மாற்ற விபிஎன் வேண்டும், விபிஎன் ஏற பாஸ்வேர்டு வேண்டும். அப்போது சில இடங்களில் குறுக்கு வழி ஒன்றைப் பிடித்தார்கள். ரவுட்டரில் 3389 என்கிற வாசலை உலகத்துக்கே திறந்து விட்டுவிடுவது. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வாசல் அது. என்னிடமும் கேட்டார்கள், "ரெண்டு நாளைக்குத் திறந்து வையுங்க தம்பி, அப்புறம் மூடிக்கலாம்." நான் செய்யவில்லை. இணையம் முழுக்க வாசல் வாசலாகத் தட்டிப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. திறந்த வாசலை அவை கண்டுபிடிக்கச் சில மணி நேரமே போதும். அதற்குப் பிறகு பாஸ்வேர்டு யூகம், அது பலித்தால் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மிரட்டல். 2019 மே மாதம் இதே ரிமோட் டெஸ்க்டாப்பில் பெரிய ஓட்டை ஒன்று தெரியவந்தபோது, ஆதரவு நிறுத்திப் பல வருஷமான எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது.

மதிலில் கை வைக்கும் அவசரம் எங்கள் பகுதிக்குத் தெரிந்த விஷயம். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டுபோனார்கள். அணையால் வயல்களுக்குத் தண்ணீர் வந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கோயிலைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் இராசேந்திரன் எழுப்பிய மதிலின் அந்த வெறுமை என் கண்ணில் படுகிறது. பக்கத்தில் உட்கோட்டை என்று ஊர்ப்பெயர் மட்டும் மிச்சமிருக்கிறது.

*

என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நொடி ஒன்று உண்டு. திரை கறுத்துப்போகும் நொடி.

ஆண்டிமடத்தில் இருந்து கணக்கு பார்க்கும் அண்ணன் ஒருவருக்குப் பிரின்டர் மென்பொருள் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் மவுஸ் என் கையில் இருந்தது. ஏற்று என்று அழுத்தினேன், எனக்குத் திரை இருட்டாகிவிட்டது. அவருக்கு மட்டும் தெரிகிறது. "தம்பி, இந்த ஆப் உங்க கம்ப்யூட்டர்ல மாத்தம் பண்ணலாமான்னு கேக்குது. ஆமாம், இல்லைன்னு ரெண்டு பட்டன் இருக்கு."

விண்டோஸ் அந்தக் கேள்வியை வேண்டுமென்றே தனி மேசையில் வைத்துக் கேட்கிறது. சாதாரணமாக ஓடும் எந்த மென்பொருளும் அங்கே போய் பட்டனை அழுத்த முடியாது. நான் பயன்படுத்தும் மென்பொருளை அவர் கணக்கில் சும்மா திறந்திருந்தால், என் கையும் அங்கே எட்டாது. இதைச் சுற்றிப் போகவும் வசதிகள் உண்டு. அவசியம் இல்லாத இடத்தில் நான் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. "அண்ணே, அவசரப்படாதீங்க. அதுல கம்பெனி பேரு என்ன போட்டிருக்கு, படிங்க" என்றேன். படித்தார். பிரின்டர் நிறுவனத்தின் பெயர்தான். "இப்ப ஆமாம் கொடுங்க." கொடுத்தார். திரை திரும்ப வந்தது. அடுத்த மாதம் வேறு ஏதோ ஏற்றப் பார்த்தபோது அவரே எனக்குப் போன் போட்டு, "தம்பி, இதுல கம்பெனி பேரே இல்ல, தெரியாதவங்கன்னு வருது. அமுக்கல" என்றார். நான் பத்து மின்னஞ்சல் அனுப்பி எச்சரித்திருந்தாலும் அது நடந்திருக்காது.

ஏனென்றால் மோசடிக்காரர்கள் வரும் வழியும் இதே வழிதான். அவர்களாலும் வெளியிலிருந்து நுழைய முடியாது. அதனால் உள்ளே இருப்பவரைக் கொண்டே திறக்க வைக்கிறார்கள். பேங்கிலிருந்து பேசுகிறோம், கேஒய்சி முடியப் போகிறது, இந்த ஆப்பை ஏற்றுங்கள், திரையில் வரும் ஒன்பது எண்ணைச் சொல்லுங்கள். 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் என்கிற திரை பார்க்கும் ஆப் மூலம் யுபிஐ பணம் எடுக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி எச்சரித்தது. மென்பொருளில் குற்றமில்லை, நான் வேலைக்குப் பயன்படுத்துவதும் அதே ஜாதி மென்பொருள்தான். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படி எண்ணைப் படித்துக் கொடுத்துவிட்டு, தன் செல்போன் தானாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வகுப்பில் ஆயிரம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவர், போனில் பேசியவன் மரியாதையாகப் பேசினான் என்பதற்காக எதிர்க் கேள்வி கேட்கவில்லை. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தோம். கொஞ்சம் பணம்தான் மீண்டது.

அதனால்தான் என் வேலையில் பணிவும் பாதுகாப்பும் வேறுவேறு அல்ல என்று நினைக்கிறேன். நான் யாரையும் முதலில் அழைத்து எண் கேட்பதில்லை, அவர்கள் புகார் பதிந்து டிக்கெட் போட்ட பிறகே அழைப்பேன். "இப்ப உங்க ஸ்க்ரீனைப் பார்க்கப் போறேன், சொந்த விஷயம் ஏதாவது திறந்திருந்தா மூடிக்குங்க" என்று சொல்லிவிட்டு அரை நிமிஷம் சும்மா இருப்பேன். வேலை முடிந்ததும், "நான் வெளிய வந்துட்டேன், உங்க பக்கம் மூடிடுச்சான்னு பாருங்க" என்பேன். எங்களிடம் இப்படிப் பழகியவர், அவசரப்படுத்துகிற குரலைக் கேட்டால் ஒரு கணமாவது நிற்பார்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், யாரையும் கேட்காமல் எந்த நேரமும் ஊழியர் திரையைத் திறந்து பார்க்கும் வசதியைப் போட்டு வைத்திருந்தார்கள். ஆள் இல்லாதபோதும் நுழையலாம். மேலாளர் சொன்னார் என்று ஒரு மதியம் ஒருவர் மெஷினைத் திறந்தேன். திரையில் அவர் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட். அந்தக் கட்டியின் அளவு மில்லிமீட்டரில் எழுதியிருந்ததை நான் படித்துவிட்டேன். அவர் இன்னும் வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார். அந்த எண் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. சர்வர்களுக்கு இந்த வசதி வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்பிக் கேட்பது? ஆனால் ஒரே அறை உள்ள வீட்டில், குழந்தை தூங்கும் பாய்க்குப் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பில் கேட்காமல் நுழைவது நியாயமில்லை. எந்த நிறுவனம் செய்தாலும் தவறுதான். குறளில் அரணுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. பகைவரால் பிடிக்க முடியாதிருப்பதோடு, உள்ளே இருப்பவர்கள் நிலைத்திருக்க எளிதாகவும் இருக்க வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் இலக்கணம். ஃபயர்வால் போடும்போது நாம் முதல் பாதியை மட்டுமே பார்க்கிறோம்.

தொலைவிலிருந்து எதுவுமே செய்ய முடியாத நாளும் வரும். 2024 ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத் திரையில் நிறுத்தியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திருத்தம் அன்றே வந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்காத மெஷினுக்கு அதை எப்படி அனுப்புவது? ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் எழுப்பி, ஒரு சின்னக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பூட்டிய மெஷின்களுக்கு முதலில் அந்த நாற்பத்தெட்டு எண். எங்களிடம் அந்த மென்பொருள் இல்லை. வேறு நிறுவனங்களில் இருக்கும் நண்பர்கள் தொண்டை கட்டும் வரைக்கும் எண் படித்தார்கள்.

*

செவ்வாய்க்கிழமை, விண்டோஸ் முழுதாக ஏறும் வரை போனை வைக்காமல் இருந்தோம். தறி நின்றது. அவர் அப்பா போனை வாங்கினார். "தம்பி, எங்கேர்ந்து பேசுறீங்க? மெட்ராஸா?"

"இல்லீங்கய்யா, ஜெயங்கொண்டம்தான். நாலு ரோட்டுக்கிட்ட."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இங்க இருந்துக்கிட்டா இத்தனை வருஷமா போன்ல பேசுறீங்க? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க."

போனேன். காபி கொடுத்தார்கள். தறிக்குழிக்கு எதிரே ஸ்டூலில் லேப்டாப், மேலே விட்டத்தில் கட்டிய ரவுட்டர். அந்தப் பெண்ணின் பெயரில் என்னிடம் ஒரு பழைய டிக்கெட் உண்டு: காலையில் இரண்டு மூன்று முறை நெட் அறுந்துபோகிறது, தானாக வருகிறது. ஏழு மாதமாகப் பார்க்கிறேன். ரவுட்டர் மாற்றச் சொன்னேன், லைன்காரரை வரச் சொன்னேன், பதிவேடுகளைப் புரட்டினேன், ஒன்றும் பிடிபடவில்லை. நான் காபியைக் கையில் வைத்திருக்கும்போதே அவர் அம்மா தார் சுற்றும் மோட்டாரைப் போட்டார். ரவுட்டரின் பச்சை விளக்குகள் அத்தனையும் ஒரே சமயத்தில் அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப எரிய ஆரம்பித்தன. இரண்டுக்கும் ஒரே ஜங்ஷன் பாக்ஸ்.

அடுத்த அறையிலிருந்து ரவுட்டருக்குத் தனியாக ஒயர் இழுத்தோம். அவர் அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். மறுபடி மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு, விளக்குகளையே பார்த்துக்கொண்டு மூன்று பேரும் நின்றோம்.